குடைச் சின்னத்தில் இரண்டு சீதாலக்ஷ்மி

கார்ப்பரேஷன் தேர்தலில் நிற்பது என்று சீதாலக்ஷ்மி முடிவு செய்ததற்குக் காரணம் தேசமும் இல்லை, கொள்கையும் இல்லை. ஓடை. மலையாளத் தலைநகரில், தமிழ் அக்ரஹாரங்கள் இருக்கிற ஸ்ரீவராகத்தில் அவர்கள் தெருவுக்குப் பின்னால் ஓடுகிற, அதாவது ஓட வேண்டிய, ஓடை ஒரே மழைக்காலத்தில் மூன்று முறை அவள் சமையலறைக்குள் வந்துவிட்டுப் போனது. மூன்றாம் முறை அரிசி டின் மிதந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்து, "இதைக் கேக்கறதுக்கு இந்த வார்டுலே ஒரு மனுஷா இல்லியா?" என்று அவள் போட்ட சத்தம் பழவங்காடி வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். அவ்வளவு தூரம் கேட்டிருக்க வாய்ப்பில்லை. எதிர்வீட்டு கிரீஷுக்குக் கேட்டது. அதுவே போதுமானதாக இருந்தது.

கிரீஷ் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் செயலாளர். மலையாளிதான், ஆனால் பிறந்ததிலிருந்து இந்தத் தெருவிலேயே இருப்பதால் அக்ரஹாரத்துத் தமிழை அக்ரஹாரத்தாரை விட இழுத்துப் பேசுவார். எதற்கும் ஒரு கமிட்டி அமைக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"மாமி, ஒரு காரியம் சொல்லட்டா? இந்தத் தடவை நம்ம வார்டு லேடீஸ் வார்டாக்கும். மாமி நின்னா மதி, அது போறும். பாக்கியெல்லாம் நான் நோக்கிக்கறேன்."

"நன்னாருக்கு. என் மூஞ்சியைப் பாத்து எவன் ஓட்டுப் போடுவான்?"

"மூஞ்சியெல்லாம் ஸ்டுடியோ லிங்கண்ணன் பாத்துக்குவார்."

சீதாலக்ஷ்மிக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்கு டீச்சர். அதன் பலனாக, எதிரில் நிற்பவர் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டது போன்ற ஒரு பார்வை அவள் முகத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. புருவங்களுக்கு நடுவே நெட்டுக்குத்தாக இரண்டு கோடு. கண்ணுக்குக் கீழே இரண்டு பை. சிரித்தால் முன்பல் ஒன்று மற்றதன் மேல் ஏறி எட்டிப் பார்க்கும். ஆனால் அது அபூர்வமாகத்தான் நடக்கும் என்பதால் பலருக்கும் தெரியாது.

பழவங்காடியில், கணபதிக்குத் தேங்காய் உடைக்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுகிற இடத்துக்கு எதிரே, மாடியில் இருக்கிறது லிங்கத்தின் ஸ்டுடியோ. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து இருபத்தைந்து வருஷமாயிற்று. கீழே தேங்காய் சிதறுகிற சத்தத்துக்கு நடுவே, கண்ணை மூடிவிடாமல் மனிதர்களைச் சிரிக்கவைப்பதில் அவருக்கு நல்ல பழக்கம். படத்தைச் சரி செய்வதில் அவரிடம் மூன்று தரம் உண்டு. பாஸ்போர்ட் தரத்தில் வியர்வை போகும். கல்யாணத் தரத்தில் கறுப்பு போகும். எலெக்‌ஷன் தரத்தில் வயசு போகும். இறந்தவர்களுக்கென்று நாலாவதாக ஒரு தரமும் உண்டு. அதில் கண்ணைத் திறந்து வைப்பதும் அடக்கம்.

வார்டில் நிற்கிற மூன்று பெரிய கட்சிகளின் வேட்பாளர் சேச்சிமாரும் லிங்கத்திடம்தான் படம் எடுத்திருந்தார்கள். உற்றுப் பார்த்தால் மூவருக்கும் ஒரே பல்வரிசை இருப்பது தெரியும். அவர் கம்ப்யூட்டரில் நல்ல பல் ஒன்று சேமித்து வைத்திருக்கிறார், ஆளாளுக்கு அதையே எடுத்து மாட்டுகிறார் என்று தெருவில் பேச்சு. அது யாருடைய பல் என்பதில்தான் இன்னும் கருத்து வேற்றுமை.

சீதாலக்ஷ்மி கைகூப்பி உட்கார்ந்தாள். லிங்கம் நாலு படம் எடுத்தார். அவள் முகம் கழுவப் போன சமயத்தில், அவள் கணவர் பிச்சுமணி லிங்கத்தின் காதருகே போய், "கொஞ்சம் நன்னா இருக்கட்டும்," என்றார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் எதையும் உரக்கச் சொல்லாதவர். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் லிங்கம் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

போர்டு வந்தது. தெருமுனையில் கயிறு கட்டி நிறுத்தினார்கள். அதே படத்தைப் போஸ்டராகவும் அடித்து வார்டு முழுக்க ஒட்டினார்கள். வெண்மையும் பச்சையுமாகப் புடவை, கூப்பிய கை, பக்கத்தில் விரிந்த குடை. அதுதான் சுயேச்சைக்குக் கிடைத்த சின்னம். மழை ஊரில் குடைக்குத் தனியாக விளம்பரம் வேண்டாம் என்று கிரீஷுக்குச் சந்தோஷம். ஆனால் குடைக்குப் பக்கத்தில் இருந்த பெண்மணியைப் பார்த்துவிட்டு எல்லோரும் சீதாலக்ஷ்மியைத் திரும்பிப் பார்த்தார்கள். முப்பத்தெட்டு வயது சொல்லலாம். நெற்றி கண்ணாடி மாதிரி. கழுத்தில் ஒரு மடிப்பு இல்லை. கண்ணில் எவருடைய கணக்கும் சரிதான் என்கிற கருணை.

"ரொம்பப் போய்ட்டானோ?" என்றாள் சீதாலக்ஷ்மி.

"போர்டுன்னா அப்படித்தான் மாமி. எல்லாருக்கும் அறியாம்," என்றார் கிரீஷ்.

மறுநாள் பால் வாங்கப் போகிற சாக்கில், விடியற்காலையில் அவள் தனியாகப் போய் அந்தப் போர்டின் முன்னால் நின்றாள். நின்றவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள் என்று பேப்பர் போடுகிறவன் சொன்னான். சொல்லக் கூடாதுதான், ஆனால் அன்றைக்கு அவள் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்து வந்தாள்.

வீடு வீடாகப் போகத் தொடங்கியபோதுதான் வினை வெளிப்பட்டது.

அக்ரஹாரத் தெருக்களில் சுற்றிய முதல் ஒன்பது நாளும் கஷ்டமில்லை. அவளை எல்லோருக்கும் தெரியும். பழைய கோட்டைக்குத் தெற்கே, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில்தான் ஓட்டு. ஹோட்டலிலும் கடையிலும் கட்டட வேலையிலும் இருக்கிற தென்பாண்டிக் குடும்பங்கள். பத்துப் பதினைந்து வருஷமாக இங்கேயே வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள். அந்த ஓட்டு முழுசாக விழாவிட்டால் சுயேச்சை தேறாது என்று கிரீஷ் காகிதத்தில் போட்டுக் காட்டியிருந்தார். சீதாலக்ஷ்மியே அந்தக் கணக்கை ஒருமுறை சரி பார்த்திருந்தாள். அது சரிதான்.

முதல் வீட்டில் பொன்செல்வி. கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடையில், காட்டிக் கலைத்த புடவைகளைத் திரும்ப மடிக்கிற வேலை. லைனில் அவள் சொன்னால் சொன்னது. வாசலுக்கு வந்தவள் சீதாலக்ஷ்மியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"வாங்கம்மா. ஓட்டுக்கு நிக்குற ஸ்தானார்த்தி அம்மா வரலியா? அவுகளப் பாக்கணும்னு நாங்க எல்லாரும் நிக்கோம்."

"நான்தாம்மா ஸ்தானார்த்தி," என்றாள் சீதாலக்ஷ்மி.

பொன்செல்வி சிரித்தாள். வாய்க்கு முந்தானையை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாள். கிரீஷ் நோட்டீஸை எடுத்து நீட்டி, "இதா, பேரு பாருங்கோ, சீதாலக்ஷ்மி. இவாதான்," என்றார். பொன்செல்வி நோட்டீஸையும் சீதாலக்ஷ்மியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஓ. அவுக உங்க மவளா?"

அன்றைக்கு அப்படி பதினொரு வீடு. ஒரு வீட்டில் அவளை அடுக்களையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, காப்பி கொடுத்து, "அந்த அம்மா எத்தனை மணிக்கு வருவாக?" என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில், ஸ்தானார்த்தியின் பையைத் தூக்குகிற வேலைக்கு வயசானவர்களை அனுப்பலாமா என்று கிரீஷிடம் சண்டைக்கு வந்தார்கள். போர்டில் இருந்தவளை ஊருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவளுக்கு ஓட்டுப் போட எல்லோரும் தயார். வந்து நின்றவளை யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடியில் சீதாலக்ஷ்மி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடுகள் எல்லாம் அதது இருந்த இடத்தில் இருந்தன. புருவத்தை உயர்த்தினால் போய்விடுகின்றன, இறக்கினால் வந்துவிடுகின்றன. புருவத்தை உயர்த்தியே வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போக முடியுமா? போனால் பயந்துவிட மாட்டார்களா?

மறுநாள் பிச்சுமணியையும் கூட்டிக்கொண்டு நேரே ஸ்டுடியோவுக்குப் போனாள்.

"லிங்கம், என் கோடெல்லாம் திரும்பப் போடுங்கோ."

"எதை, மாமி?"

"நெத்திக் கோடு. கண்ணுக்குக் கீழே பை. பல்லு. எல்லாம் எனக்கு வேணும். வாசல்லே போய் நின்னா என் மகளைத் தேடறா."

லிங்கம் கம்ப்யூட்டரை ஒரு தடவை பார்த்தார். சரி செய்த படத்தையே பழையதன் மேல் சேமித்துவிடுவது அவர் வழக்கம். "அழிச்சது அழிச்சதுதான். பழைய படம் இப்பம் எங்கிட்டயே இல்ல," என்றார். "வேணும்னா புதுசா எடுக்கலாம். ஆனா நான் சொல்லுதத ஒண்ணு கேளுங்க. வீட்ல உள்ளவுக உங்களப் பாக்கும்போது, அவுக கண்ணே ரெண்டு கோட்ட அழிச்சிட்டுத்தான் பாக்கும். பழகுன கண்ணுல்லா. கேமராவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அது கண்டதயெல்லாம் காட்டிக் குடுத்துரும். அதத்தான் நான் பதமா எடுத்து விடுதேன். வேற என்ன தப்பு செஞ்சேன்?"

"இருபது வருஷத்தைப் பதமா எடுத்துட்டேள்."

"அது எலெக்‌ஷன் ரேட்டு, மாமி. சார்தான் நன்னா இருக்கட்டும்னாக."

சீதாலக்ஷ்மி திரும்பிப் பார்த்தாள். பிச்சுமணி ஜன்னல் வழியாகக் கீழே தேங்காய் உடைப்பதை மிகுந்த சிரத்தையுடன் கவனித்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவை ஒண்ணும் தொடப்படாது," என்றாள்.

"நிழல மட்டும்..."

"தொடப்படாது."

"வேர்வையாது தொடச்சிருதேன். போர்டுக்குக் கீழ என் ஸ்டுடியோ பேரு இருக்கும், மாமி. நாளைக்கு எவன் என் படி ஏறுவான்?"

அவள் அதற்கும் சம்மதிக்கவில்லை. லிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு படம் எடுத்து, ஆபரேஷன் செய்ய வேண்டிய நோயாளியை அப்படியே வீட்டுக்கு அனுப்புகிற டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அச்சுக்கு அனுப்பினார்.

ஆனால் உள்ளதை உள்ளபடி எடுத்ததிலும் ஒரு சங்கடம் இருந்தது. பத்து நாளாக வெயிலில் சந்து சந்தாக நடந்ததில் அவள் கறுத்திருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. கண் உள்ளே போயிருந்தது. வீட்டுக்குள் இருக்கிற சீதாலக்ஷ்மியை விட இந்தப் படத்துக்கு ஒரு எட்டு வயது கூடுதல். யாருமே அவளை இப்படிப் பார்த்ததில்லை. போஸ்டர் கட்டைப் பிரித்ததும் பிச்சுமணி, "ஐயோ," என்று சொல்லிவிட்டு, உடனே இருமலாக மாற்றினார்.

பழைய போஸ்டர், புதுப் போஸ்டர் இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் கேட்டாள்.

"ஏன்னா, நெஜமா சொல்லுங்கோ. இதுலே எது நான்?"

பிச்சுமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதலாவதைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"ரெண்டுமே உன் அக்கா ஜாடையா இருக்கு," என்றார்.

சீதாலக்ஷ்மிக்கு அக்கா கிடையாது. முப்பத்து நாலு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிற மனிதருக்கு அது தெரியும்.

புதுப் போஸ்டர்களை ஒட்டினார்கள். பழையவற்றைக் கிழித்துவிட்டு ஒட்டுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் முதல் தடவை கிரீஷ் தன் மேற்பார்வையில் பசை காய்ச்சியிருந்தார். சுவர் பெயர்ந்தாலும் பேப்பர் பெயரவில்லை. ஆகவே வார்டு முழுக்க இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அதே பெயர், அதே குடை, அதே கூப்பிய கை. ஒருத்தி இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவள் போல. இன்னொருத்தி நாலு நாளாகத் தூங்காதவள் போல.

இந்த ஊர்த் தேர்தல்களில் அபரன் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஒருவர் ஜெயித்துவிடுவார் என்று தோன்றினால், அதே பெயருள்ள வேறு ஒருவரை எங்கிருந்தாவது தேடிப் பிடித்து எதிராளிகள் நிறுத்திவிடுவார்கள். கண் சரியாகத் தெரியாதவர்களும் அவசரக்காரர்களும் இவருக்குப் போட நினைத்து அவருக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பெண்ணாக இருந்தால் அபர. இது இங்கே ஓட்டு வயசு வராத பிள்ளைகளுக்குக் கூடத் தெரிந்த விஷயம். அதனால் இரண்டு போஸ்டரைப் பார்த்ததும் ஊருக்கு ஒரு நிமிஷம்கூடச் சந்தேகம் வரவில்லை.

"மாமிக்கு அபரையைக் கொண்டுவந்து நிறுத்திட்டாங்க," என்று டீக்கடையில் முடிவாகியது.

அடுத்த கேள்வி, இரண்டில் யார் அசல்? அதற்கும் அதிக நேரம் ஆகவில்லை. அசல் ஆள் என்றால் நல்லபடியாகப் படம் எடுத்து, ஒழுங்காகப் போர்டு வைப்பார்கள். போலிக்கு யார் மெனக்கெட்டுப் படம் எடுப்பார்கள்? எங்கோ வெயிலில் நின்ற பாவத்தைப் பிடித்து அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். ஆகவே கறுத்தவள் அபர. தெளிவாக இருக்கிறவள் அசல்.

கிரீஷ் வேட்பாளர் பட்டியலோடு ஓடினார். மொத்தம் நாலு பேர், அதில் சீதாலக்ஷ்மி ஒருத்திதான், அபர என்று யாருமே இல்லை என்று விரலை வைத்துக் காட்டினார்.

"இது நீங்க அடிச்ச காயிதந்தான சார்," என்றார்கள்.

"சின்னம் பாருங்கோ. ரெண்டுலேயும் குடைதானே? அபரைக்குக் குடை கிட்டுமா?"

"அதான் சார் களவாணித்தனம். சின்னத்தயும் சேத்துல்லா திருடிருக்காக."

சாயங்காலம் திரும்பி வந்த கிரீஷ் கமிட்டி எதுவும் கூட்டவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஜனங்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது, தப்பானவளுக்குப் போட்டுவிடுவோமோ என்று நினைக்கிறார்கள், குழப்பமே வேண்டாம், பெரிய கட்சி ஏதாவதொன்றுக்குக் குத்திவிட்டு வரலாம் என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள் என்றார்.

"நாலு தெரு போச்சு மாமி. இனி லைன் வீடுதான். அதுவும் போச்சுன்னா ஓடைதான் நமக்கு."

பிரச்சாரம் முடிய மூன்று நாள் இருந்தது. மறுநாள் காலையில் சீதாலக்ஷ்மி பொன்செல்வி வாசலில் போய் நின்றாள். நாலு கணக்கைச் சொல்லி, அடையாள அட்டையைக் காட்டி, நான்தான் நான் என்று நிரூபித்துவிட்டுத்தான் திரும்புவது என்ற தீர்மானம். வாக்காளர் அட்டையைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தவள் அதை மறுபடி உள்ளே போட்டுவிட்டாள். அதில் இருந்தவளுக்கு மூக்கு மட்டும்தான் இருந்தது. மூன்றாவதாக ஒருத்தியையும் இழுத்துக்கொண்டு வர வேண்டாம் என்று நினைத்தாள்.

பொன்செல்வி வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தாள். இருந்தாலும் நின்றாள். லைனில் மற்றப் பெண்களும் பக்கெட்டும் குடமுமாக வந்து சுற்றி நின்றுகொண்டார்கள்.

"இங்க பாருங்கம்மா," என்றாள் பொன்செல்வி. குரலில் கோபமில்லை, வயசானவர்களிடம் பேசுகிற பொறுமைதான் இருந்தது. "நீங்க நல்லவுகதான். மொகத்தப் பாத்தாலே தெரியுது, கஷ்டப்பட்ட மொகம். ஆனா நாங்க அந்த அம்மாவுக்குன்னு முடிவு பண்ணிட்டோம். இத்தன வீட்டு ஓட்டும் குடைக்குத்தான். அத மாத்த வராதிய."

"குடைக்கா?"

"குடைக்குத்தான். ஆனா உங்களுக்கு இல்ல."

"பொன்செல்வி, அந்தப் போட்டோவிலே இருக்கறதும் நான்தாம்மா. ஸ்டுடியோவிலே கொஞ்சம்..."

சுற்றி நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொன்செல்வியின் முகம் முதல் தடவையாக இறுகியது.

"அப்பம் அந்த அம்மா பொய்யின்னு சொல்லுதியளா? அப்படி ஒரு ஆளே இல்லியா? சரி. நீங்கதான் அசல்னா எங்களுக்கு ரெண்டு பேரும் வேண்டாம். எங்களப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு? பேசாம வேற யாருக்காவது போட்டுட்டு வந்திருதோம். என்னக்கா?"

"அதான்," என்றாள் குடத்தோடு நின்றவள்.

முப்பது வருஷம் கரும்பலகையில் போட்டுக் காட்டியவளுக்கு அந்தச் சந்தில் நின்றபடியே கணக்கு ஓடியது. நான் நான்தான் என்று இவர்கள் நம்பிவிட்டால், ஓட்டு போய்விடும். நான் நான் இல்லை என்று நம்பினால், ஓட்டு குடைக்கு விழும். குடை என்னுடையது. ஆக, நான் ஜெயிக்க வேண்டும் என்றால் நான் தோற்க வேண்டும். இரண்டு பக்கமும் இன்னொரு முறை சரி பார்த்தாள். எங்கேயும் தப்பு அகப்படவில்லை. தப்பு இருந்தே ஆக வேண்டும் என்று தோன்றியது.

கிரீஷ் பக்கத்தில் நோட்டீஸ் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"ஆமா," என்றாள் சீதாலக்ஷ்மி. "நான் அபரதான்."

கிரீஷின் கையிலிருந்து நோட்டீஸ் கட்டு விழுந்தது.

"எனக்குப் போடாதேங்கோ. அவாளுக்கே போடுங்கோ. குடைக்கு. ஒரு ஓட்டுகூடத் தப்பப்படாது."

பொன்செல்வி கையிலிருந்த பையை வாசலில் வைத்தாள். பிறகு உள்ளே போய் ஒரு தம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"குடிங்கம்மா. இந்த வயசுல எதுக்கு உங்களுக்கு இந்த வேல? யாரு பிடிச்சு இழுத்துட்டு வந்தா?"

சீதாலக்ஷ்மி மோரைக் குடித்தாள். "ஓடை," என்று சொல்லத் தோன்றியது.

அதற்கப்புறம் மூன்று நாள் அந்த வார்டு கண்ட பிரச்சாரம் போல அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் காணப்போவதில்லை. வேட்பாளர் ஒவ்வொரு வாசலிலும் போய்த் தன் இரண்டாவது போஸ்டரைக் காட்டி, "இவளுக்குப் போடாதேங்கோ," என்றாள். முதல் போஸ்டரைக் காட்டி, "இவாளுக்குப் போடுங்கோ," என்றாள். அவளே தேவலை என்று ஓரிருவர் அவளிடம் இரக்கப்பட்டபோது, விட்டுக்கொடுக்காமல் மற்றவளின் அருமை பெருமைகளை எடுத்துச் சொன்னாள். கேட்கக் கேட்க அந்த மற்றவள் மேல் அவளுக்கே ஒரு பொறாமை வந்தது. அந்தக் கழுத்தோடு அவள் எங்கேயும் நடக்கவில்லை, வெயிலில் நிற்கவில்லை, மோர் வாங்கிக் குடிக்கவில்லை. ஓட்டு மட்டும் அவளுக்கு.

இரவுச் சாப்பாட்டின்போது பிச்சுமணி மெதுவாகக் கேட்டார்.

"இப்போ நீ யாருக்கு எதிரா நிக்கறே?"

"எனக்குத்தான்."

"ஜெயிச்சுடுவியா?"

"யாரு?"

பிச்சுமணி ரசத்தைக் கலந்துகொண்டார். அதற்கு மேல் கேட்டால் தனக்கும் விளங்காது, அவளுக்கும் விளங்காது என்று அவருக்குப் பட்டது.

தெருவில் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். வெயில் தலைக்கேறிவிட்டது என்றார்கள். பெரிய கட்சிக்காரர்கள் கூப்பிட்டு மிரட்டியிருக்கிறார்கள் என்றார்கள். லிங்கம் மட்டும் ஸ்டுடியோ வாசலில் கையைக் கட்டிக்கொண்டு, "நான் எடுத்த படத்துக்குத்தான் ஓட்டு," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். பிறகு, இரண்டு படமும் தான் எடுத்ததுதான் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

ஓட்டு எண்ணியபோது இருபத்து மூன்று வித்தியாசத்தில் குடை ஜெயித்தது. லைன் வீடுகளின் பூத்தில் மற்ற மூவரும் காணாமலே போய்விட்டார்கள். கிரீஷ் மாலை போட்டார், பட்டாசு கொளுத்தினார், பிச்சுமணி யாருக்கும் கேட்காமல் கைதட்டினார். ஜீப்பில் ஏற்றி வார்டைச் சுற்றி வந்தபோது, லைன் வீட்டுப் பக்கம் ஜனங்கள் ஆவலோடு ஓடி வந்து, ஜீப்புக்குள் எட்டிப் பார்த்து, பின்னால் இன்னொரு ஜீப் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டு நாள் கழித்துச் சீதாலக்ஷ்மி காய்கறிப் பையோடு கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். யாரோ வந்து கையைப் பிடித்தார்கள். பொன்செல்வி.

"விசனப்படாதிய," என்றாள் பொன்செல்வி.

"எதுக்கு?"

"எதுக்கா? தோத்துட்டியள்லா." அவள் கையை விடவில்லை. "ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. அத்தன பேர் முன்னால நின்னு, நான் போலிதான்னு உண்மையச் சொன்னியளே, அது எவளுக்கு வரும்? எலெக்‌ஷன்ல நிக்கவுகள்ல உண்மை பேசுன ஒரே ஆளு நீங்கதான். எங்க லைன்ல இன்னும் அதத்தான் பேசுதாக. அடுத்த தடவ நீங்க தனியா, உங்க பேர்லயே நில்லுங்க. நான் போடுதேன் உங்களுக்கு."

சீதாலக்ஷ்மிக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருக்க வேண்டும். இரண்டு நாளாக எல்லோரும் வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாழ்த்தும் அவள் மேல் வந்து படவில்லை. இந்த ஆறுதல்தான் நேரே வந்து அவள் மேல் விழுந்தது. தான் நிஜமாகவே தோற்றுவிட்டோமோ என்று அவளுக்கு ஒரு கணம் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம்தான். எந்த உண்மையை?

"அந்த ஜெயிச்ச அம்மா உங்களுக்குப் பழக்கம் உண்டுமா?" என்று கேட்டாள் பொன்செல்வி. "எங்க லைன் முக்குல ஒரு விளக்கு நிக்கி. பகல் பூரா எரியுது, ராத்திரி அவிஞ்சு போவுது. நானும் ஆபீசுக்கு ரெண்டு தடவ போய்ச் சொல்லிப் பாத்துட்டேன். அவுக காதுல கொஞ்சம் போட்டு வைங்களேன்."

"சொல்றேன்."

"கேப்பாகளா? பாத்தா நல்ல மாதிரியாத்தான் இருக்காக. நேர்ல எப்படியோ."

பஸ் வந்தது. சீதாலக்ஷ்மி பையைத் தூக்கிக்கொண்டாள், ஏறாமல் நின்றாள். பொன்செல்வி பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலையே, பொன்செல்வி," என்றாள். "நானும் இப்போதான் பழகறேன்."